லினக்ஸ் கணினியில் ஹார்டு டிஸ்குக்குப் பெயர் சூட்டுவதும் மவுண்ட் செய்வதும்: முழுமையான வழிகாட்டி

என் மேசையில் இரண்டு 2 டிபி ஹார்டு டிஸ்குகள் இருந்தன. ஒரே நிறுவனம், ஒரே மாடல். ஒன்றில் குடும்பப் படங்களும் அத்தை பாடிய தாலாட்டுகளின் ஒலிப்பதிவும் இருந்தன. மற்றது புதியது, காலி. புதியதை லினக்ஸ் ‘எஸ்டிசி’ என்று அழைப்பதை இரவில் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். காலையில் கணினியை இயக்கி, தாளில் இருந்தபடியே ஃபார்மட் கட்டளையைக் கொடுத்தேன். ‘இதில் ஏற்கெனவே ஒரு கோப்பு முறைமை இருக்கிறது, தொடரலாமா?’ என்று கணினி கேட்டது. ஆம் என்றேன். இரவில் எஸ்டிசியாக இருந்த டிஸ்க் காலையில் எஸ்டிபியாக மாறியிருந்தது. எஸ்டிசி என்ற பெயரில் இப்போது இருந்தது குடும்பப் படங்கள் உள்ள டிஸ்க்.

ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் படங்களில் பெரும்பகுதியை மீட்டுக் கொடுத்தது. ஆனால் கோப்புகளின் பெயர்கள் போய்விட்டன, கோப்புறைகள் போய்விட்டன. எல்லாம் வெறும் எண்களாக வந்தன. தாலாட்டுகளில் மூன்று வரவே இல்லை.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் டிஸ்கோடு ஒட்டியிருக்க வேண்டும். அது செருகப்பட்ட துளையோடோ, கணினி அதைக் கண்டுபிடித்த வரிசையோடோ ஒட்டியிருக்கக் கூடாது.

கட்டளைகளைப் படிக்கும் முறை

கட்டளைகளை இங்கே ஒலிக்கும் விதத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், நான் இடைவெளி விட்ட இடத்தில் மட்டும் இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்யுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன். ‘சூடோ’ என்று தொடங்கும் கட்டளைகள் நிர்வாகியின் உரிமையோடு ஓடுபவை. எடுத்துக்காட்டாக, எல்எஸ்பிஎல்கே என்பது ஐந்து சிறிய எழுத்துகள். டெர்மினல் பழக்கமில்லாதவர்களுக்கு உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலி இருக்கிறது. டிஸ்கை அழிக்கும் வேலைகளுக்கு அதைத்தான் பரிந்துரைக்கிறேன். எந்த டிஸ்கைத் தொடுகிறோம் என்பதை மாடல் பெயரோடும் வரிசை எண்ணோடும் கண்ணுக்கு நேரே அது காட்டுகிறது.

முதலில் டிஸ்கை அடையாளம் காணுங்கள்

புதிய டிஸ்கைச் செருகுவதற்கு முன் டெர்மினலைத் திறந்து இதைக் கொடுங்கள்:

எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,மாடல்,சீரியல்,லேபிள்,மவுண்ட்பாயின்ட்

கணினியில் இப்போது உள்ள டிஸ்குகள் பட்டியலாக வரும். பிறகு டிஸ்கைச் செருகி, சில நொடிகள் கழித்து அதே கட்டளையை மீண்டும் கொடுங்கள். புதிதாக வந்து சேர்ந்த வரிதான் உங்கள் டிஸ்க். அதன் வரிசை எண்ணை டிஸ்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் என்றால் சில பெட்டிகள் டிஸ்கின் எண்ணுக்குப் பதிலாகத் தங்கள் எண்ணைக் காட்டும். அப்போது செருகுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த பட்டியல்களை ஒப்பிடுவதே சரியான வழி.

அளவைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்குகளில் கணக்கிடுகிறார்கள், இந்தக் கட்டளை 1024-இன் மடங்குகளில் கணக்கிடுகிறது. அதனால் 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றும், 4 டிபி டிஸ்க் 3.6 டிபி என்றும் தெரியும். எதுவும் காணாமல் போகவில்லை.

பட்டியலின் இடது ஓரத்தில் இருக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி ஆகிய பெயர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை ஏமாற்றியவை அவைதான். ‘எஸ்டி’ என்பது ஸ்கஸி டிஸ்க் என்பதன் சுருக்கம். ஸ்கஸி காலத்தில் வந்த பெயர் இன்றைய சாட்டா, யூஎஸ்பி டிஸ்குகளுக்கும் தொடர்கிறது. அடுத்து வரும் எழுத்து, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் டிஸ்குகளைக் கண்டுபிடித்த வரிசையைக் குறிக்கிறது. கர்னல் பல டிஸ்குகளை ஒரே நேரத்தில் தேடுகிறது. எது முதலில் பதில் சொல்கிறதோ அதற்கு முந்தைய எழுத்து கிடைக்கும். ஒரு டிஸ்க் சுழல ஆரம்பிக்க அரை நொடி தாமதமானாலும், நேற்று செருகியிருந்த பென் டிரைவ் இன்று இல்லாவிட்டாலும் எழுத்துகள் இடம் மாறலாம். பேருந்துக்கு வரிசையில் நிற்பவரை ‘மூன்றாவது ஆள்’ என்று அழைப்பது போன்றதுதான் இது. நாளை அதே இடத்தில் வேறொருவர் நிற்பார்.

எஸ்டிபிக்குப் பின்னால் 1, 2 என்று வரும் எண்கள் அந்த டிஸ்கின் பிரிவுகள், அதாவது பார்ட்டிஷன்கள். என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் பெயர் நீளமாக இருக்கும். அதில் ‘பி’ என்ற எழுத்துக்குப் பின்னால் வருவது பிரிவின் எண். இந்த எண்களையும் நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம்.

மாறாத அடையாளங்கள் மூன்று. டிஸ்கின் மாடலும் வரிசை எண்ணும் தொழிற்சாலையில் தரப்படுபவை. யூயூஐடி என்பது ஃபார்மட் செய்யும்போது கோப்பு முறைமைக்கு, அதாவது டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் அமைப்புக்கு, கிடைக்கும் எண். லேபிள் நாமே சூட்டும் பெயர். இவை மூன்றின் வழியாகவும் டிஸ்கை அணுக, ‘/டெவ்/டிஸ்க்’ கோப்புறைக்குள் லினக்ஸ் தனித்தனியாக வழி வைத்திருக்கிறது.

பிரிவு அட்டவணையும் கோப்பு முறைமையும்

பழைய டிஸ்கில் படங்கள் இருக்கின்றன, அதை இணைக்க மட்டும் வேண்டும் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லுங்கள். இது காலி டிஸ்குக்கு உரியது. கடைசியில் வரும் எக்ஸ்ட்4 குறிப்பைத் தவிர, இதில் வரும் ஒவ்வொரு செயலும் டிஸ்கில் உள்ளதை அழித்துவிடும்.

டிஸ்க்ஸ் செயலியில் இடப்பக்கம் புதிய டிஸ்கைத் தேர்ந்தெடுங்கள். மேலே தெரியும் வரிசை எண்ணை வாய்விட்டுப் படித்து, டிஸ்கின் மேல் இருப்பதோடு ஒப்பிடுங்கள். மேற்புற மெனுவில் முழு டிஸ்கையும் ஃபார்மட் செய்யும் வாய்ப்பு இருக்கும். அங்கே ஜிபிடி என்ற பிரிவு அட்டவணை வகையைத் தேர்ந்தெடுங்கள். பழைய எம்பிஆர் அட்டவணை 32 பிட் எண்களில் இடத்தைக் கணக்கிடுவதால், 512 பைட் செக்டர்கள் கொண்ட டிஸ்கில் ஏறக்குறைய 2.2 டிபிக்கு மேல் அதனால் எட்ட முடியாது. ஜிபிடிக்கு அந்தத் தடை இல்லை. பிறகு கூட்டல் குறியை அழுத்தி, முழு இடத்தையும் ஒரே பிரிவாக உருவாக்குங்கள். அப்போது கோப்பு முறைமை எது என்று கேட்கும்.

லினக்ஸ் கணினிகளில் மட்டும் பயன்படும் டிஸ்க் என்றால் எக்ஸ்ட்4 போதும். அது பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் அடிபட்டுத் தேறியது, மின்சாரம் திடீரென்று போனாலும் தன் கணக்கேட்டைச் சரிசெய்துகொள்ளும் ஜர்னல் வசதி உடையது. விண்டோஸ், மேக் கணினிகளோடு மாறி மாறிப் பயன்படுத்த வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். அதில் ஜர்னல் கிடையாது, லினக்ஸின் உரிமை அமைப்பும் கிடையாது. ஆகவே எடுத்துச் செல்லும் டிஸ்குக்கு அது சரி, ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள படங்களை வைக்க நான் அதை நம்புவதில்லை. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. திருமண வீடியோ ஒன்றே அதைத் தாண்டிவிடும்.

விண்டோஸிலிருந்து வந்த என்டிஎஃப்எஸ் டிஸ்கை லினக்ஸ் நன்றாகப் படிக்கும், எழுதும். ஆனால் விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் செய்தாலும் அது அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் டிஸ்கைப் படிக்க மட்டும் அனுமதிக்கும், அல்லது மவுண்ட் செய்யவே, அதாவது பயன்படுத்த இணைக்கவே, மறுக்கும். இது லினக்ஸின் கோளாறு அல்ல, உங்கள் கோப்புகளுக்கான பாதுகாப்பு. விண்டோஸில் அந்த வசதியை நிறுத்திவிட்டு முறையாக மூடுங்கள். மறுப்பை மீறிக் கட்டாயப்படுத்தும் வழிகளைத் தேட வேண்டாம்.

எக்ஸ்ட்4 பற்றி ஒரு சிறு குறிப்பு. அது இயல்பாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கு, அதாவது கணினியின் நிர்வாகிக் கணக்குக்கு, ஒதுக்கிவைக்கிறது. இயங்குதளம் இருக்கும் டிஸ்கில் அது தேவை. படங்கள் மட்டும் இருக்கும் 4 டிபி டிஸ்கில் அது 200 ஜிபி வீண். சூடோ டியூன்2எஃப்எஸ் -எம் 1 என்று கொடுத்து, பின்னால் பிரிவின் பெயரையும் சேர்த்தால் 1 சதவீதமாகக் குறைத்துவிடலாம். உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு எதுவும் ஆகாது.

பெயர் சூட்டுதல்

டிஸ்கில் என்ன இருக்கிறதோ அதையே பெயராக வைப்பது பலருடைய வழக்கம். ‘படங்கள்’ என்று பெயரிட்ட டிஸ்கில் ஓராண்டு கழித்து வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன் இருக்கும். பெயர் பொய்யாகிவிடும். ஆகவே நான் நிறங்களைப் பெயராக வைக்கிறேன். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் இன்சுலேஷன் டேப் நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறங்களில் வருகிறது. டிஸ்கின் உடலில் நீல டேப், உள்ளே லேபிள் ‘நீலம்’. கையில் எடுக்கும்போதும் திரையில் பார்க்கும்போதும் ஒரே பெயர். எந்த நிறத்தில் என்ன இருக்கிறது என்பது வீட்டு நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம்.

டேப்பை ஒட்டும்போது ஹார்டு டிஸ்கின் மேல் ‘மூடாதீர்கள்’ என்ற குறிப்போடு சிறு துளை இருக்கிறதா என்று பாருங்கள். அது டிஸ்கின் உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தத்தைச் சமன் செய்யும் துளை. அதன் மேல் டேப் விழக் கூடாது.

லேபிளைத் தமிழிலேயே எழுதலாமா? எழுதலாம், ஆனால் அளவு தெரிந்து எழுத வேண்டும். எக்ஸ்ட்4 லேபிளுக்கு 16 பைட் இடம் தருகிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும் என்பதால் 16 எழுத்துகள் எழுதலாம். தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் 3 பைட் வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளி தனிக் குறி, உயிர்மெய்யின் கால், கொம்பு, சுழி ஒவ்வொன்றும் தனிக் குறி. ஆக 16 பைட்டில் 5 குறிகள்தான் அடங்கும்.

‘நீலம்’ என்பதில் ந, ஈகாரக் குறி, ல, ம, புள்ளி என்று 5 குறிகள், 15 பைட். அடங்கிவிடுகிறது. ‘பச்சை’ என்பதிலும் 5 குறிகள், அதுவும் அடங்கும். ‘மஞ்சள்’ 6 குறிகள், 18 பைட். அதை எழுதினால் கட்டளை ஓர் எச்சரிக்கையோடு 16 பைட்டில் வெட்டிவிடும். கிடைப்பது கடைசிப் புள்ளி இல்லாத ‘மஞ்சள’, அதன் வாலில் புள்ளியின் மூன்றில் ஒரு துண்டான ஒரு பைட். அந்தத் துண்டு எந்த எழுத்தும் ஆகாது, திரையில் கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ தெரியும். ‘சிவப்பு’ 7 குறிகள், அதுவும் ‘சிவப்’ என்று நின்றுவிடும். எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை 12 பைட்தான் தரும் என்பதால் அதில் ‘நீலம்’ கூட அடங்காது. எக்ஸ்ஃபேட்டில் 11 குறிகள் வரை எழுதலாம், அதில் நான்கு நிறங்களும் தாராளமாக அடங்கும். ஃபேட்32-இல் 11 பைட், அதுவும் பழைய டாஸ் எழுத்துக் குறிமுறையில். தமிழுக்கு அங்கே வழியில்லை.

இன்னொரு காரணத்தாலும் லேபிளை ஆங்கில எழுத்தில் வைக்கச் சொல்கிறேன். கணினி சரியாகத் தொடங்காமல் கறுப்புத் திரையில் நிற்கும் நேரத்தில்தான் இந்தப் பெயர் நமக்கு மிகவும் தேவைப்படும். அந்தத் திரையின் எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் இடமில்லை. தமிழ் அங்கே தெரியாது, தட்டச்சு செய்யவும் முடியாது. அதனால் லேபிளில் என், இ, இ, எல், ஏ, எம் என்ற ஆறு சிறிய எழுத்துகள். கீழே ‘நீலம்’ என்று வரும் இடமெல்லாம் இந்த ஆறு எழுத்துகளைத்தான் குறிக்கும். இடைவெளி வேண்டாம், தேவைப்பட்டால் சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுத ஓர் இடம் இருக்கத்தான் செய்கிறது. ஜிபிடி அட்டவணையில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாக ஒரு பெயர் உண்டு. அதில் 36 குறிகள் வரை எழுதலாம். டிஸ்க்ஸ் செயலியில் பிரிவைத் திருத்தும் இடத்தில் அந்தப் பெயருக்கான பெட்டி இருக்கிறது. ‘நீல டிஸ்க் வீட்டுப் படங்கள்’ என்று முழுதாகவே எழுதிவைக்கலாம். பிரிவை மட்டும் மறுபடி ஃபார்மட் செய்தால் லேபிள் அழியும், இந்தப் பெயர் அழியாது.

புதிய டிஸ்க் என்றால் ஃபார்மட் செய்யும் திரையிலேயே பெயரைக் கேட்கும். ஏற்கெனவே கோப்புகள் உள்ள எக்ஸ்ட்4 டிஸ்குக்கு:

சூடோ இ2லேபிள் /டெவ்/எஸ்டிபி1 நீலம்

எஸ்டிபி1 என்ற இடத்தில், இந்த நிமிடம் பட்டியலில் நீங்கள் பார்த்த பெயரை எழுதுங்கள். நேற்றுப் பார்த்ததை எழுதாதீர்கள். லேபிளை மாற்றுவதால் கோப்புகள் அழியாது. மற்ற கோப்பு முறைமைகளுக்கு எக்ஸ்ஃபேட்லேபிள், என்டிஎஃப்எஸ்லேபிள், ஃபேட்லேபிள் என்று தனித்தனிக் கட்டளைகள் உள்ளன. அவற்றைக் கொடுப்பதற்கு முன் டிஸ்கை அன்மவுண்ட் செய்துவிடுங்கள்.

கையால் மவுண்ட் செய்து பார்த்தல்

விண்டோஸில் ஒவ்வொரு டிஸ்குக்கும் ஓர் எழுத்து கிடைக்கும். லினக்ஸில் ஒரே ஒரு மரம்தான். புதிய டிஸ்க் அந்த மரத்தில் ஏதோ ஒரு கிளையில் ஒட்டுப் போடப்படும். அந்த ஒட்டுப் போடும் செயல்தான் மவுண்ட்.

பென் டிரைவைச் செருகியதும் மேசைச் சூழல் (டெஸ்க்டாப்) அதைத் தானாக மவுண்ட் செய்துவிடும். உபுண்டு, டெபியனில் ‘/மீடியா’ கோப்புறைக்குள்ளும், ஃபெடோராவில் ‘/ரன்/மீடியா’வுக்குள்ளும், உங்கள் பயனர் பெயரின் கீழ் லேபிளின் பெயரிலேயே அது வந்து நிற்கும். லேபிள் வைத்ததன் முதல் பலன் இங்கேயே தெரியும். லேபிள் இல்லாத டிஸ்க் நீளமான எண்ணாகத்தான் தெரியும். எப்போதாவது செருகும் டிஸ்குக்கு இதுவே போதும். இதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம்.

எப்போதும் கணினியோடு இருக்கப்போகும் டிஸ்குக்கு நிலையான இடம் ஒன்று வேண்டும். ‘/மீடியா’வை அதற்குப் பயன்படுத்தாதீர்கள். அங்கே தானியங்கி தன் விருப்பப்படி கோப்புறைகளை உருவாக்கும், நீக்கும். ‘/எம்என்டி’க்குள் ஒரு கோப்புறை உருவாக்குவோம். தானாக மவுண்ட் ஆகியிருந்தால் முதலில் கோப்பு மேலாளரில் அதை வெளியேற்றிவிடுங்கள்.

சூடோ எம்கேடிஐஆர் /எம்என்டி/நீலம்

சூடோ மவுண்ட் லேபிள்=நீலம் /எம்என்டி/நீலம்

இரண்டாவது வரியில் ‘லேபிள்’ என்ற சொல்லைப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும். எஸ்டிபி, எஸ்டிசி எதுவும் இந்தக் கட்டளையில் இல்லை என்பதைக் கவனியுங்கள். டிஸ்க் எந்தத் துளையில் இருந்தாலும் இது வேலை செய்யும்.

புதிய எக்ஸ்ட்4 டிஸ்கில் எதையாவது சேமிக்கப் போனால் அனுமதி இல்லை என்று வரக்கூடும். அதன் மேல்மட்டக் கோப்புறை ரூட் பயனருக்குச் சொந்தமாக இருப்பதே காரணம். டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கும்போதே சிஹெச்ஓடபிள்யூஎன் கட்டளையால் உரிமையை மாற்றுங்கள். சூடோவுக்குப் பின் அந்தக் கட்டளை, பின் உங்கள் பயனர் பெயர், பின் ‘/எம்என்டி/நீலம்’. இந்த உரிமை டிஸ்கிலேயே பதிவாகும், ஒரு முறை செய்தால் போதும். எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 என்ற குறுக்கு வழியைப் பலர் சொல்வார்கள். இங்கே அதற்குத் தேவையே இல்லை.

ஒவ்வொரு முறையும் தானாக மவுண்ட் ஆக

கணினி தொடங்கும்போது எதை எங்கே மவுண்ட் செய்ய வேண்டும் என்ற பட்டியல் ‘/இடிசி/எஃப்எஸ்டேப்’ என்ற கோப்பில் இருக்கிறது (பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் டி, ஏ, பி). தொடுவதற்கு முன் அதற்கு ஒரு நகல் எடுத்துவையுங்கள். நானோ என்பது கோப்புகளைத் திருத்தும் எளிய செயலி. பிறகு சூடோ நானோ என்று எழுதி, அந்தக் கோப்பின் பெயரைச் சேர்த்துத் திறந்து, கடைசியில் புதிய வரி ஒன்றைச் சேர்க்க வேண்டும்:

லேபிள்=நீலம் /எம்என்டி/நீலம் எக்ஸ்ட்4 டிஃபால்ட்ஸ்,நோஃபெயில் 0 2

ஆறு பகுதிகள், நடுவே இடைவெளிகள். எந்த டிஸ்க், எந்த இடம், எந்தக் கோப்பு முறைமை என்பவை முதல் மூன்று. இங்கேயும் ‘லேபிள்’ என்ற சொல் பெரிய எழுத்துகளில். நான்காவதில் விருப்பங்கள் காற்புள்ளியால் மட்டும் பிரிக்கப்படும், காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் வரி கெட்டுவிடும். ஐந்தாவதில் உள்ள 0 பழைய காலத்து பேக்கப் கருவிக்கானது, அப்படியே விடுங்கள். ஆறாவது, தொடங்கும்போது டிஸ்கைச் சோதிக்கும் வரிசை. இயங்குதளப் பிரிவுக்கு 1, மற்றவற்றுக்கு 2, எக்ஸ்ஃபேட்டுக்கும் என்டிஎஃப்எஸ்ஸுக்கும் 0.

‘நோஃபெயில்’ என்ற சொல்லை மட்டும் மறந்துவிடாதீர்கள். அது இல்லாமல் டிஸ்கும் செருகப்படாமல் இருந்தால், கணினி 90 நொடி காத்திருந்துவிட்டு அவசரநிலைத் திரையில் போய் நிற்கும். படங்கள் இருக்கும் டிஸ்க் இல்லை என்பதற்காக முழுக் கணினியும் தொடங்காமல் நிற்பதில் அர்த்தமில்லை.

எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் டிஸ்குகளுக்கு உரிமையை இந்த வரியிலேயே சொல்ல வேண்டும். விருப்பங்களோடு யூஐடி=1000,ஜிஐடி=1000 என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கணினிகளில் முதல் பயனரின் எண் 1000. ‘ஐடி’ என்ற கட்டளை உங்கள் எண்ணைக் காட்டும்.

லேபிளா, யூயூஐடியா? லினக்ஸ் நிறுவிகள் யூயூஐடியை எழுதுகின்றன. அந்த வரிகளை நீங்கள் மாற்ற வேண்டாம். எக்ஸ்ட்4 யூயூஐடி சிறு கோடுகளோடு 36 எழுத்துகள், இன்னொன்று அதே எண்ணில் தற்செயலாக வர வாய்ப்பில்லை. நூறு டிஸ்குகள் உள்ள சர்வரில் நானும் அதைத்தான் எழுதுவேன். வீட்டில் நான்கு டிஸ்குகள் இருக்கும்போது, நாம் பார்த்தவுடன் புரியும் பெயரே தவறைத் தடுக்கிறது. 36 எழுத்துகளில் ஒன்று பிசகினால் கண் அதைப் பிடிக்காது. ‘நீலம்’ என்ற இடத்தில் ‘பச்சை’ இருந்தால் உடனே தெரியும்.

மறுதொடக்கத்துக்கு முன் சோதனை

சேமித்ததும் உடனே கணினியை மறுதொடக்கம் செய்துவிடாதீர்கள். முதலில்:

சூடோ ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை

எழுத்துப் பிழையையும், இல்லாத கோப்புறையையும், கிடைக்காத லேபிளையும் இது சுட்டிக்காட்டும். பிறகு யூமவுண்ட் கட்டளையால் டிஸ்கை இறக்கிவிட்டு, சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட், அடுத்து சூடோ மவுண்ட் -ஏ. பட்டியலில் உள்ளவை எல்லாம் மவுண்ட் ஆகும். யூமவுண்ட் என்பதில் யூ-வுக்கு அடுத்து ‘என்’ கிடையாது, நேராக ‘எம்’தான். புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் படி அது. எந்தப் பிழையும் வராவிட்டால் மறுதொடக்கம் செய்யலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அவசரநிலைத் திரை வந்துவிட்டால் பதற்றம் வேண்டாம், டிஸ்கில் இருப்பது எதுவும் அழியவில்லை. ரூட் கடவுச்சொல் கொடுத்து உள்ளே சென்று, மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ / என்று கொடுத்தால் கோப்புகளைத் திருத்தும் உரிமை வரும். எஃப்எஸ்டேப்பில் நீங்கள் சேர்த்த வரியின் தொடக்கத்தில் # குறி போட்டுச் சேமித்து மறுதொடக்கம் செய்யுங்கள். உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டியிருக்கும், அங்கே பெரும்பாலும் கடவுச்சொல் இல்லாமல் என்டர் அழுத்தினாலே உள்ளே செல்லலாம். ரூட் கணக்கு பூட்டியிருந்து உள்ளே விடாத கணினியில், லினக்ஸை நிறுவ உதவிய பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி அதே கோப்பைத் திருத்த வேண்டும்.

காலிக் கோப்புறை என்னும் பள்ளம்

நோஃபெயில் போட்டவர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒன்று இது. ஒரு நாள் நீல டிஸ்கின் கேபிள் கழன்றிருக்கிறது. கணினி அமைதியாகத் தொடங்குகிறது. ‘/எம்என்டி/நீலம்’ கோப்புறை அங்கேயே இருக்கிறது, ஆனால் அதன் மேல் டிஸ்க் இல்லை. இரவு பேக்கப் தானாக ஓடி எல்லாவற்றையும் அந்தக் கோப்புறைக்குள் எழுதுகிறது. அது விழுவது இயங்குதளம் இருக்கும் டிஸ்கில். இடம் நிரம்பிக் கணினி திணறும். பிறகு நீல டிஸ்கை மவுண்ட் செய்தால், தவறாக எழுதப்பட்டவை அதன் அடியில் மறைந்துபோகும். இடத்தை எது தின்கிறது என்று தேடித் தேடிச் சலித்துவிடும்.

இதைத் தடுக்க ஒரே ஒரு கட்டளை போதும். டிஸ்க் மவுண்ட் ஆகாமல் இருக்கும்போது, கோப்புறை காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு:

சூடோ சிஹெச்ஏடிடிஆர் +ஐ /எம்என்டி/நீலம்

இனி அந்தக் காலிக் கோப்புறைக்குள் ரூட் பயனர்கூட எதையும் எழுத முடியாது. மவுண்ட் செய்வதை இது தடுக்காது. டிஸ்க் வந்து ஏறியதும் வழக்கம்போல எழுதலாம். டிஸ்க் இல்லாத நாளில் பேக்கப் பிழை சொல்லி நிற்கும். நமக்கு வேண்டியது அந்தப் பிழைச் செய்திதான்.

கழற்றும்போது

கோப்பு நகலெடுக்கும் கோடு நூறு சதவீதத்தைத் தொட்டுவிட்டது என்பதற்காக யூஎஸ்பி டிஸ்கைப் பிடுங்கிவிடக் கூடாது. லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக டிஸ்குக்கு அனுப்புகிறது. யூமவுண்ட் செய்யும்போது மிச்சம் அனைத்தும் எழுதி முடிக்கப்படும். மெதுவான பென் டிரைவில் அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம், காத்திருங்கள். டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால், எல்எஸ்ஓஎஃப் என்று எழுதி மவுண்ட் செய்த இடத்தின் பெயரைக் கொடுங்கள். எந்தச் செயலி கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று தெரியும். பல நேரங்களில் அந்தக் கோப்புறைக்குள் நிற்கும் நம்முடைய டெர்மினலே காரணமாக இருக்கும்.

ஒரே பெயரில் இரண்டு டிஸ்குகள்

ஒரு டிஸ்கை அப்படியே மற்றொன்றுக்குப் பிரதி எடுத்தால் லேபிள், யூயூஐடி இரண்டுமே பிரதியாகிவிடும். அதன்பின் இரண்டையும் ஒன்றாகச் செருகினால், ‘நீலம்’ எது என்பதை லினக்ஸால் உறுதியாகச் சொல்ல முடியாது. பிரதி எடுத்து முடித்ததும் கணினியை அணைத்து, மூல டிஸ்கைக் கழற்றிவிட்டு, பிரதியை மட்டும் செருகி அதன் லேபிளை மாற்றுங்கள். சூடோ டியூன்2எஃப்எஸ் -யூ ரேண்டம் கட்டளையில் பெரிய எழுத்து யூ போட்டு, புதிய யூயூஐடியும் கொடுத்துவிடுங்கள்.

டிஸ்க் பழையதாகி மாற்றும் நாளிலும் இதே ஒழுங்குதான். கோப்புகளைப் புதியதற்கு மாற்றிச் சரிபார்த்த பின், பழையதன் லேபிளை ‘பழைய-நீலம்’ என்று ஆங்கில எழுத்தில் மாற்றுகிறேன். 14 எழுத்துகள்தான், எக்ஸ்ட்4-இல் அடங்கும். அதன் உடலிலிருந்து நீல டேப்பை உரித்துவிட்டு, தேதி எழுதிய வெள்ளைத் தாளை ஒட்டுகிறேன். பிறகு புதியதற்கு ‘நீலம்’ என்ற லேபிளும் நீல டேப்பும். எஃப்எஸ்டேப்பில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. வெள்ளைத் தாள் ஒட்டிய டிஸ்க் அலமாரியின் மேல்தட்டில் ஓராண்டு இருக்கும். அதுவரை அதை யாரும் ஃபார்மட் செய்யக் கூடாது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.